கூடு விட்டுக் கூடு பாயும் டெஸ்க்டாப்

சனிக்கிழமை சாயங்காலம் 7 மணி. கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ், பெயர் வேண்டாம். 3 மாடி, 60 கம்ப்யூட்டர், ஒரே ஒரு சிஸ்டம் ஆள். ஆபீஸுக்கே அவர் 'சிஸ்டம் அண்ணா', எனக்கு மட்டும் தம்பி. ஸ்டோர் ரூமாக இருந்து சர்வர் ரூமாகப் பதவி உயர்வு பெற்ற பொந்து ஒன்றில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். ஏசி 18-ல் ஓடுகிறது, நான் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறேன். சர்வரின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் இன்னும் உதிரவில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே பரபரப்பு. சின்ன வயதில் மேஜிக் ஷோ முடிந்ததும் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்க ஓடி, காவலாளியிடம் திட்டு வாங்கியவள் நான். இன்றைக்குக் காவலாளியே கூப்பிட்டு ஸ்டூல் போட்டிருக்கிறார்!

திரைக்கு முன்னால் நடப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எந்த நாற்காலி காலியோ அதில் உட்காருகிறீர்கள். பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டுகிறீர்கள். நேற்று கீழ்மாடியில் வேறொரு கம்ப்யூட்டரில் வால்பேப்பராக வைத்த உங்கள் குழந்தையின் படம் இங்கே வந்து பொக்கை வாயோடு சிரிக்கிறது. ஐகான்கள் ஆஜர். வேர்டில் நீங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்த டெம்ப்ளேட் ஆஜர். போன வாரம்தான் வாங்கிவந்த கம்ப்யூட்டர், அதற்கு உங்கள் முகமே தெரியாது. ஆனால் பல வருடம் பழகியது மாதிரி நடந்துகொள்கிறது.

இதற்கு ரோமிங் புரொஃபைல் என்று பெயர். இந்த ஆபீஸுக்கு இது ஏன் வேண்டும் என்றால், ஆடிட் பயிற்சிக்கு வந்திருக்கும் ஆர்ட்டிகிள் பிள்ளைகளுக்கு நிரந்தர நாற்காலி கிடையாது. வாரத்தில் பாதி நாள் ஏதாவது மில்லிலோ பவுண்டரியிலோ ஆடிட். திரும்பி வந்தால் அவர்கள் இடத்தில் வேறு யாராவது பில் கட்டுகளோடு குடியேறியிருப்பார்கள்.

"கூடு விட்டுக் கூடு பாயறதுதானுங்கக்கா. வேற ஒண்ணுமில்லீங்க" என்றார் தம்பி, சுக்குக் காப்பியை உறிஞ்சிக்கொண்டே.

பாயும் உயிரை எனக்குக் காட்ட வேண்டும் என்றேன். காட்டினார்! அவருடைய கம்ப்யூட்டரில் சி டிரைவ், அதற்குள் யூசர்ஸ், அதற்குள் அவர் பெயரில் ஒரு ஃபோல்டர். மறைந்திருக்கும் ஃபைல்களையும் காட்டு என்று ஒரு டிக் அடித்தார். பார்த்தால் மங்கலான எழுத்தில் ஒரு ஃபைல்: என்டியூசர்.டாட். பார்க்க ஒன்றுமே இல்லை, சில எம்பிதான் இருக்கும். அதுதான் உயிராம். மவுஸ் வலமா இடமா, தமிழ்க் கீபோர்டு உண்டா இல்லையா, எந்த பிரிண்டர், எந்த நிறம், எக்ஸெல்லைக் கடைசியாக எப்படி வைத்திருந்தீர்கள் என்று உங்கள் குணம் மொத்தமும் அந்த ஒற்றை ஃபைலில் அடக்கம். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உங்களுக்கென்று ஒதுக்கிய பகுதி அது. நீங்கள் உள்ளே நுழையும்போது ஏற்றப்படும், வெளியேறும்போது இறக்கப்படும்.

இதுதான் ரகசியமா? இவ்வளவேதான். நுழையும்போது உங்கள் ஃபோல்டர் சர்வரிலிருந்து இந்தக் கம்ப்யூட்டருக்கு நகல் ஆகிறது. வெளியேறும்போது மாறியவை மட்டும் சர்வருக்குத் திரும்பி ஏறுகின்றன. காலையில் இறக்குமதி, மாலையில் ஏற்றுமதி. மாயமே இல்லை, காப்பி பேஸ்ட்தான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தொப்பிக்குள் முயல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது என்று தெரிந்த நாளிலும் இப்படித்தான் இருந்தது.

ஆனால் அந்தக் காப்பி பேஸ்டை 60 பேருக்குச் சரியாக நடத்திக் காட்டுவதில் இருக்கும் வேலைப்பாடு இருக்கிறதே, அது கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு. வாருங்கள், உள்ளே போவோம்.

முதல் வேலை, சர்வரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து நெட்வொர்க்கில் பகிர்வது. பெயருக்குப் பின்னால் தம்பி ஒரு டாலர் குறி போட்டார். எதற்கு டாலர்? கடைசியில் டாலர் இருந்தால் அந்த ஷேர் நெட்வொர்க்கில் துழாவுகிறவர்கள் கண்ணில் படாது. இருப்பது தெரிந்தவர்தான் போக முடியும், சந்துக்குள் இருக்கும் நல்ல மெஸ் மாதிரி. அப்புறம் ஆஃப்லைன் சேமிப்பை அந்த ஷேருக்கு மட்டும் அணைத்தார். புரொஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓட ரோமிங் என்று ஒருத்தர் ஏற்கெனவே இருக்கிறார், அதே ஃபைல்களை ஆஃப்லைன் என்ற இன்னொருத்தரும் தூக்கினால் இரண்டு பேரும் முட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது அனுமதிகள். இந்த இடத்தில் தம்பி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார், அவ்வளவு கவனம். ஊழியர் எல்லாருக்கும் அந்தப் பெரிய ஃபோல்டருக்குள் புது ஃபோல்டர் ஒன்று உருவாக்க உரிமை உண்டு. யார் உருவாக்கினாரோ அவருக்கு அதற்குள் முழு உரிமை. பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தப் 'பக்கத்து வீட்டார்' பட்டியலில் அட்மினும் உண்டு என்பதுதான் வேடிக்கை! முதல் தடவை ஃபோல்டர் உங்கள் பெயரில் உருவாகும்போதே சாவியும் உங்களிடம் போய்விடும். சர்வரைத் துடைத்துக் குங்குமம் வைத்த ஆளையே விண்டோஸ் வாசலில் நிறுத்தி, அனுமதி இல்லை என்று சொல்லிவிடும்.

"போன ஆபீஸ்ல இதுல மாட்டிக்கிட்டனுங்க. ஒருத்தரு புரொஃபைல் கெட்டுப்போச்சு, உள்ள போய்ப் பார்க்கலாம்னா கதவு திறக்கல. ஓனர்ஷிப்பை நான் பிடுங்கினேன், அதுக்கப்புறம் அவரையே உள்ள விடமாட்டேன்னிருச்சு."

அட்மின் குழுவையும் சேர்த்துக்கொள் என்று, எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் குரூப் பாலிசியில் ஒரு வரி இருக்கிறது. அதை முதலிலேயே போட்டுவிட வேண்டும். ஃபோல்டர் பிறந்த பிறகு போட்டால், இனி பிறக்கப்போகும் ஃபோல்டருக்குத்தான் செல்லும். தம்பி அந்த வரியை இயக்கிவிட்டு இரண்டு தடவை சரிபார்த்தார். பட்டது போதும் என்று முகத்தில் எழுதியிருந்தது.

இனி ஆளுக்கு முகவரி. ஊழியர்களின் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் ஒருவரின் பெயரைத் திறந்தால் 'புரொஃபைல்' என்று ஒரு தாவல். அதில் ஒரே ஒரு வரி: இரண்டு பின்சாய்கோடு, சர்வர் பெயர், ஒரு பின்சாய்கோடு, டாலர் வைத்த ஷேர் பெயர், இன்னொரு பின்சாய்கோடு, கடைசியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே 'யூசர்நேம்'. அந்தக் கடைசித் துண்டுதான் அழகு. 60 பேரையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து இதே வரியைப் போட்டால், ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயராக அது மாறிக்கொள்கிறது. கல்யாணப் பத்திரிகையில் 'திரு/திருமதி' என்று விட்டு வைத்த கோடு தானே நிரம்பிக்கொள்வது போல. நான் கைதட்டிவிட்டேன். தம்பிக்கு வெட்கம்.

சர்வரில் உருவாகும் ஃபோல்டர்களின் பெயருக்கு ஒரு வாலும் உண்டு: புள்ளி, வி, 6. எக்ஸ்பி காலத்தில் வால் கிடையாது. விஸ்டா வந்தபோது ஃபோல்டர்களின் அமைப்பையே மைக்ரோசாஃப்ட் மாற்றிவிட்டதால் பழையதும் புதியதும் கலந்துவிடாமல் இருக்க வி2 என்று ஒட்டினார்கள். விண்டோஸ் 7-க்கும் அதே வி2. பிறகு 8-க்கும் 8.1-க்கும் வி3, வி4. விண்டோஸ் 10 முதலில் வி5, 2016-ல் வந்த 1607 பதிப்பிலிருந்து வி6. விண்டோஸ் 11 அந்த வி6-ஐயே வைத்துக்கொண்டது. போன ஆபீஸில் பாதி எக்ஸ்பி, பாதி 7 என்று ஓடிய காலத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு புரொஃபைல். ஒரு கம்ப்யூட்டரில் முருகன், இன்னொன்றில் பச்சைப் புல்வெளி. எங்கே என் முருகன் என்று வந்து நின்ற சீனியர்களைச் சமாதானப்படுத்தியே தலைமுடி போயிற்று என்கிறார் தம்பி. முடி போனது உண்மை.

சரி, சோதனை! தம்பி 'சோதனை1' என்று ஒரு யூசரை உருவாக்கி, நீங்களே போங்கக்கா என்று நகர்ந்துகொண்டார். நான் உட்கார்ந்தேன். என் மகள் கிரேயானில் வரைந்த யானையைப் பென் டிரைவிலிருந்து வால்பேப்பராக வைத்தேன். யானைக்குத் துதிக்கை இரண்டு. டாஸ்க்பாரை மேலே தூக்கி வைக்கலாம் என்று பார்த்தேன், விண்டோஸ் 11 சம்மதிக்கவில்லை. மவுஸை இடது கைக்கு மாற்றினேன். டெஸ்க்டாப்பில் 'நான் இங்கே இருந்தேன்' என்று ஒரு குறிப்பை எழுதிச் சேமித்தேன். வெளியேறினேன். பென் டிரைவைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். படியேறி மூன்றாவது மாடிக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மிகை, ஏறினேன். சன்னலோரத்தில் ஒரு கம்ப்யூட்டர். பெயர், பாஸ்வேர்டு, என்டர். வட்டம் சுற்றுகிறது... சுற்றுகிறது... கீழிருந்து தம்பி போனில், "வந்துச்சுங்களா?" என்கிறார். வட்டம் நின்றது. இரண்டு துதிக்கை யானை!

கத்திவிட்டேன். வாட்ச்மேன் டார்ச்சோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

படம் பென் டிரைவில்தானே இருந்தது, இங்கே எப்படி வந்தது? வால்பேப்பர் வைத்ததும் விண்டோஸ் அதற்கு ஒரு நகல் எடுத்து, ஆப்டேட்டா என்ற ஃபோல்டரின் 'ரோமிங்' பகுதிக்குள் தீம்ஸ் என்ற இடத்தில் பத்திரப்படுத்திவிடுகிறது. ஆப்டேட்டாவுக்குள் 'லோக்கல்', 'லோக்கல்லோ', 'ரோமிங்' என்று மூன்று அறைகள். ரோமிங்கில் இருப்பது மட்டும் கூட வரும், மற்ற இரண்டும் அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். யார் எந்த அறையில் என்று தீர்மானிப்பது அந்தந்த மென்பொருளை எழுதியவர். ஃபயர்பாக்ஸ் தன் புக்மார்க்குகளை ரோமிங்கில் வைக்கிறது, ஆகவே அவை உங்களோடு மாடி ஏறும். குரோம் லோக்கலில் வைக்கிறது, ஏறாது. ஒரே ஆபீஸில் ஒருத்திக்கு எல்லாம் வருகிறது, இன்னொருத்திக்கு ஒன்றுமே வருவதில்லை என்ற சண்டைக்கு மூலம் இதுதான். சிஸ்டம் அண்ணனுக்கு வேண்டியவள் என்று வதந்திகூட உண்டாம்.

வராதவற்றில் தமிழர்களுக்கென்றே ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்டில் அடித்த கடிதங்களை இந்த ஆபீஸில் இன்னும் பாதுகாக்கிறார்கள். தமிழ்க் கீபோர்டு அமைப்பு என்டியூசர்.டாட்டில் இருப்பதால் கூடவே வரும். ஃபான்ட்டோ கம்ப்யூட்டருக்குச் சொந்தம், வராது. விளைவு, கீழ்மாடியில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்றிருந்தது மேல்மாடியில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கூட்டுப் பொரியல் ஆகிவிடும். தம்பி எல்லா கம்ப்யூட்டரிலும் அந்த ஃபான்ட்டைப் போட்டு வைத்தார். யூனிகோடுக்கு மாறுங்கள் என்று சொல்லிப் பார்த்துத் தோற்ற பிறகு.

பிரிண்டர் கதை நேர் எதிர். நெட்வொர்க் பிரிண்டர் உங்களோடு விசுவாசமாக வந்துவிடும். மூன்றாவது மாடியில் உட்கார்ந்து ஒருவர் 40 பக்கம் அச்சுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க, முதல் மாடியில் யாரும் கேட்காத பேலன்ஸ் ஷீட் வந்து விழுந்துகொண்டிருக்கும்.

இந்தக் கூடு பாயும் ஆசை மைக்ரோசாஃப்டில் பிறந்ததில்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் 1983-ல் அதீனா என்றொரு திட்டம் தொடங்கினார்கள். வளாகத்தில் எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு மாணவர் உட்கார்ந்தாலும் அவருடைய ஃபைல்கள் அவர் முன்னால் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். உட்கார்ந்திருப்பது அவர்தானா என்று நெட்வொர்க் வழியாக நம்புவது எப்படி? அதற்காக அங்கே உருவானதுதான் கெர்பெராஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர். 2000-ல் ஆக்டிவ் டைரக்டரி வந்தபோது அதே நாயைத்தான் மைக்ரோசாஃப்டும் வாசலில் கட்டியது. நாய் கடிகாரத்திலும் கண்டிப்பு: சர்வருக்கும் உங்கள் கம்ப்யூட்டருக்கும் நேர வித்தியாசம் 5 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் வழக்கமான விதி. மதர்போர்டில் இருக்கும் நாணய அளவு பேட்டரி செத்துப்போய்ப் பழைய வருஷத்துக்குப் போய்விட்ட கம்ப்யூட்டர்களைத் தம்பி அடிக்கடி பார்த்திருக்கிறார். மேஜை டிராயர் நிறைய சிஆர்2032 பேட்டரிகள்.

இப்போது எடை. இதைச் சொல்லும்போதுதான் தம்பியின் குரல் மாறியது. காப்பி பேஸ்ட் என்றால் எடை உண்டு அல்லவா? டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே புரொஃபைலுக்குள் இருப்பவை. போன ஆபீஸில் ஒரு பிள்ளை 4 ஜிபி சினிமா ஒன்றை டெஸ்க்டாப்பில் இறக்கி வைத்துவிட்டு வெளியேறினான். மறுநாள் வேறு மாடியில் வந்து உட்கார்ந்தான். அந்த மாடியில் பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச். குழாய் முழுவதும் அவனுக்கே என்று வைத்துக்கொண்டாலும் 5 நிமிடத்துக்கு மேல், நடைமுறையில் அதைவிட எவ்வளவோ அதிகம். அவன் 'வரவேற்கிறோம்' வட்டத்தைப் பார்த்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்தான். திரும்ப வந்தபோதும் வட்டம் வரவேற்றுக்கொண்டிருந்தது.

ஆளுக்கு 500 எம்பி என்று மிதமாகவே வைத்துக்கொள்வோம். எல்லாரும் இடம் மாறி உட்காரும் ஒரு திங்கட்கிழமை 9.30-க்கு 60 பேர் என்டர் தட்டினால் 30 ஜிபி. சர்வரிலிருந்து புறப்படும் 1 கிகாபிட் கேபிளில் அது முழுதாக இறங்க 4 நிமிடம், அதுவும் காகிதக் கணக்கில். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் என்றால் இன்னும் இழுக்கும். ஒரு மூட்டை அரிசியைத் தூக்குவதும், சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதும் ஒன்றா?

இதற்கு மருந்து ஃபோல்டர் ரீடைரக்‌ஷன். டாக்குமென்ட்ஸையும் டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸையும் நகல் எடுப்பதே இல்லை, அவை சர்வரிலேயே இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் தெரிவது அதற்குக் கைகாட்டும் பலகைதான். திறக்கும் ஃபைல் மட்டும் வரும், மற்றது அசையாது. "மூட்டையை வீட்ல வச்சிட்டு ஆளை மட்டும் பஸ் ஏத்தறதுங்க." தம்பி அதைப் போட்ட பிறகு சோதனை1-ன் புரொஃபைல் சட்டென்று மெலிந்தது. என் கருத்தில், இதைச் செய்யாமல் ரோமிங் புரொஃபைல் மட்டும் அமைப்பது 60 பேரின் காலை நேரத்தைக் கொளுத்துவதற்குச் சமம்.

பெரிய நிறுவனங்கள் இப்போது வேறு வழிக்குப் போய்விட்டன. 2018-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய எஃப்எஸ்லாஜிக்ஸ், புரொஃபைல் முழுவதையும் ஒரு மெய்நிகர் டிஸ்க் ஃபைலுக்குள் அடைத்து, நீங்கள் நுழையும்போது பென் டிரைவைச் செருகுவது மாதிரி மாட்டிவிடுகிறது. நகல் எடுக்கும் வேலையே இல்லை. ஆனால் அதற்கான லைசென்ஸ் கணக்கை இந்த ஆபீஸ் முதலாளி முன்னால் வைக்கத் தம்பிக்குத் தைரியம் வரவில்லை. முதலாளியே ஆடிட்டர்!

கூடு பாய்வதில் பெரிய ஆபத்து எது என்று திருமூலர் கதை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாத்தனூரில் இறந்து கிடந்த மூலன் என்ற இடையனின் உடம்புக்குள் புகுந்து, அழுதுகொண்டு நின்ற பசுக்களை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், வைத்துவிட்டுப் போன தன் உடம்பைக் காணோம். விண்டோஸில் இதற்குத் தற்காலிக புரொஃபைல் என்று பெயர். சர்வரை எட்ட முடியவில்லை, உள்ளூர் நகலும் இல்லை அல்லது கெட்டுப்போயிருக்கிறது என்றால், உங்களை வெறும் திரையில் உட்கார வைத்துவிடும். வால்பேப்பர் இல்லை, ஐகான் இல்லை, மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு மட்டும். அந்த அறிவிப்பைப் படிக்காமல் 'ஓ, யாரோ என் டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்துவிட்டார்கள்' என்று வேலையை ஆரம்பிப்பவர்கள்தான் பாவம். அந்தத் தற்காலிகக் கூட்டில் சேமித்த அனைத்தும், வெளியேறிய நிமிடம் அழிந்துபோகும். போன ஆபீஸில் ஒரு பெண் மத்தியானம் வரை அடித்த ஒர்க்கிங் பேப்பர் அப்படிப் போனது. அன்றைக்கு அவள் அழுததைச் சொல்லும்போது தம்பி காப்பி டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு உடம்பில் ஒரே உயிர் இருந்தால்? அதுவும் நடக்கிறது. முதல் மாடியில் வெளியேறாமல் அப்படியே விட்டுவிட்டு இரண்டாவது மாடியிலும் நுழைகிறார்கள். சாதாரண ஃபைல்களைத் தேதி பார்த்து விண்டோஸ் ஒன்றாகச் சேர்த்துவிடும். என்டியூசர்.டாட் ஒற்றை ஃபைல், அதைப் பிரித்துச் சேர்க்க வழியில்லை. கடைசியாக யார் வெளியேறுகிறாரோ அவருடையதுதான் நிற்கும். மத்தியானம் பார்த்துப் பார்த்து மாற்றிய அமைப்புகளை, காலையில் மறந்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் ராத்திரி வந்து மிதித்துவிட்டுப் போகும்.

மணி 9.30 ஆகிவிட்டது. தம்பி கடைசியாகச் சோதனை1-ஐ அழித்தார், என் யானையும் போயிற்று. கிளம்பும்போது அடுக்கி வைத்திருந்த ஸ்டிக்கர்களை எடுத்துக் காட்டினார். திங்கட்கிழமை 60 மானிட்டரிலும் ஒட்டப் போகிறாராம். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில்: 'ஆஃப் செய்யாதீங்க. சைன் அவுட் செய்யுங்க.'

நீங்களும் இப்படி ஓர் ஆபீஸில் வேலை செய்பவரானால், சாயங்காலம் சைன் அவுட் கொடுத்த பிறகு சுற்றுகிறதே ஒரு வட்டம், அது நிற்கும்வரை சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் குழந்தையின் படம் அப்போதுதான் சர்வருக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. பஸ் போனால் அடுத்த பஸ்.